கத்தியும் கையும்: அறுவை மருத்துவத்தின் பழைய கதை – கேள்வி பதில்

ஐயா, அந்தக் காலத்தில் காயம்பட்டால் மந்திரிப்பதைத் தவிர வேறு வைத்தியம் இருந்ததா?

நன்றாகவே இருந்தது. எகிப்தில் கிடைத்த எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் என்ற பழைய மருத்துவ ஏடு ஏறக்குறைய கி.மு. 1600-ஐச் சேர்ந்தது. தலையில் தொடங்கிக் கீழ்நோக்கி 48 நோயாளிகளின் நிலையை விவரிக்கிறது. மந்திரம் அதில் அபூர்வம். எங்கே தொட்டுப் பார்ப்பது, எப்படிக் கட்டுவது என்றுதான் போகிறது. சிலவற்றில் ‘இதற்கு வைத்தியம் இல்லை’ என்றே எழுதியிருக்கிறார்கள். அந்த நேர்மைக்காகவே எனக்கு அந்த ஏட்டின் மேல் தனி மரியாதை.

சுசுருதர் மூக்கை ஒட்டவைத்தார் என்பது உண்மையா, கட்டுக்கதையா?

அவர் பெயரில் உள்ள பழைய மருத்துவ நூலான சுசுருத சம்ஹிதையில் முறையே இருக்கிறது, தம்பி. மூக்கின் அளவுக்கு ஓர் இலையை நறுக்கி, அதை வைத்துக் கன்னத்தில் தோலைக் கீறி எடுக்க வேண்டும். ஒரு முனை மட்டும் கன்னத்தோடு ஒட்டியிருக்கும். ரத்த ஓட்டம் அற்றுப்போகாமல் இருப்பது அதனால்தான். மூச்சுக்கு இரண்டு குழல் செருகித் தைக்க வேண்டும். கீறிப் பழக மாணவர்களுக்குப் பூசணி, சுரை, வெள்ளரி.

நெற்றித் தோலில் மூக்கு அமைக்கும் வழக்கம் புனே பக்கம் தொடர்ந்தது. 1794-ல் லண்டன் பத்திரிகை ஒன்றில் அந்தச் செய்தி வந்தது. 1814-ல் கார்ப்யூ என்ற டாக்டர் அதே முறையை லண்டனில் செய்து காட்டினார்.

மயக்க மருந்து எப்போது வந்தது?

1846 அக்டோபர் 16, பாஸ்டன். பல் டாக்டர் மார்ட்டன் ஈதர் கொடுத்தார். அதற்குமுன் நல்ல சர்ஜன் என்றால் வேகமாக அறுப்பவர்.

நான் நர்ஸிங் மாணவி. டாக்டர்கள் கை கழுவவே மறுத்தார்கள் என்கிறார்களே, ஏன்?

அம்மா, இதைச் சொல்லும்போது இப்போதும் மனசு கனக்கிறது. வியன்னா மருத்துவமனையில் இரண்டு பிரசவ வார்டுகள். டாக்டர்களும் மாணவர்களும் பார்த்த முதல் வார்டில் தாய்மார்கள் காய்ச்சலில் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். மருத்துவச்சிகள் பார்த்த வார்டில் சாவு மிகக் குறைவு. முதல் வார்டு வேண்டாம் என்று பெண்கள் மண்டியிட்டுக் கெஞ்சினார்கள்.

பிணத்தை அறுத்த கையோடு நேரே பிரசவம் பார்க்க வருகிறார்கள் என்பதை அங்கே வேலை பார்த்த டாக்டர் செம்மல்வைஸ் கண்டுபிடித்தார். 1847 மே மாதம், பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கை கழுவச் சொன்னார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 பேர் இறந்த வார்டில் ஜூனில் 2 பேர்தான்.

இருந்தும் பலர் ஏற்கவில்லை. கிருமி என்ற விளக்கம் அன்று அவரிடம் இல்லை. தவிர, ‘உங்கள் கைதான் கொன்றது’ என்பதை எந்த டாக்டர் எளிதில் ஒப்புக்கொள்வார்? 1865 ஆகஸ்ட் 13-ல் அவர் மனநல விடுதியில் இறந்தார். அதற்கு முந்தின நாள்தான் கிளாஸ்கோவில் லிஸ்டர் என்ற சர்ஜன், வண்டி ஏறிக் கால் உடைந்த 11 வயதுப் பையனின் காயத்துக்குக் கிருமியைக் கொல்லும் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியைக் கட்டினார். புண் சீழ் பிடிக்கவில்லை. ஆறு வாரத்தில் எலும்பு கூடிவிட்டது.