விரல் மடங்கவில்லை என்று மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு வயது 54. முக்கூடல் பக்கம் ஒரு கிராமம், பீடி சுற்றும் வேலை. இரண்டு வருடத்துக்கு முன்னால் இடது மார்பில் புற்றுநோய்க் கட்டியை எடுத்து, கீமோ கொடுத்து, கரண்டும் (கதிர்வீச்சு) வைத்தார்கள். இப்போது தினமும் லெட்ரோசோல் ஒரு மாத்திரை. அதைச் சாப்பிட ஆரம்பித்ததில் இருந்து காலையில் விரல் மடங்க மாட்டேன் என்கிறது. முன்பு சுற்றியதில் பாதிகூட இப்போது சுற்ற முடியவில்லை. "கட்டியைத்தான் எடுத்தாச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை? சீனியை அடியோட விடு, புத்து பட்டினி கிடந்து செத்துரும்" என்கிறாள் என் மதினி. சிகிச்சைக்குப் பிறகு 9 கிலோ கூடியிருக்கிறேன், சர்க்கரை வியாதியும் இருக்கிறது. உளுந்தங்களி தின்றால் ஹார்மோன் கூடும் என்று மகள் தடுக்கிறாள். நான் சாப்பிட்ட சாப்பாட்டால்தான் இந்த நோய் வந்ததா? மாத்திரையை விட்டுவிடலாமா?

பதில்: அம்மா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மாத்திரையை விடாதீர்கள். விரல் வலிக்கு வழி இருக்கிறது. ஆனால் நீங்களாக மாத்திரையை நிறுத்தினால், உங்கள் நோய்க்கு எதிராகக் கையில் இருக்கும் பெரிய காவலை நீங்களே அனுப்பிவிடுகிறீர்கள்.

லெட்ரோசோல் கொடுத்திருக்கிறார்கள் என்றாலே உங்கள் கட்டி ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைக் கொண்டு வளரும் வகை என்று பொருள். பயாப்சி அறிக்கையில் 'இ.ஆர். பாசிட்டிவ்' என்று இருக்கும், மகளை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தத் தொடர்பு மருத்துவத்துக்குப் புதிதல்ல. கிளாஸ்கோ நகரில் ஜார்ஜ் பீட்சன் என்ற அறுவை மருத்துவர், முற்றிய மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்ணுக்குச் சினைப்பைகளை எடுத்ததும் கட்டி சுருங்கியதை 1896-லேயே எழுதி வைத்தார்.

மாதவிடாய் நின்ற பிறகு சினைப்பை ஓய்ந்துவிடுகிறது. அப்புறம் ஈஸ்ட்ரோஜன் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி உடம்புக் கொழுப்பில் இருந்து. அட்ரினல் சுரப்பி தரும் ஆண் வகை ஹார்மோனை, கொழுப்பில் உள்ள அரோமடேஸ் என்ற நொதி ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. குளத்து மடையை அடைத்த பிறகும் கரையடியில் ஊறும் கசிவில் ஓரத்து வயல் ஈரமாகவே இருக்கும் அல்லவா, அது போலத்தான். அந்த அரோமடேஸைத்தான் லெட்ரோசோல் மறிக்கிறது.

"கட்டியை எடுத்தாச்சே" என்று மதினி கேட்பது நியாயமான கேள்விதான், நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். எடுத்தது கண்ணுக்குத் தெரிந்த கட்டியை. எலும்பிலோ ஈரலிலோ போய் ஒதுங்கிய ஒன்றிரண்டு செல்லை எந்த ஸ்கேனும் காட்டாது. இந்த வகைப் புற்று 10, 15 வருடம் கழித்துக்கூடத் திரும்பி வரக்கூடியது. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து 2015-ல் வெளியான கணக்கின்படி, லெட்ரோசோல் வகை மாத்திரையை 5 வருடம் சாப்பிட்டால், 10 வருடத்துக்குள் மார்பகப் புற்றால் இறக்கும் வாய்ப்பு, ஹார்மோன் மருந்தே எடுக்காதவர்களைவிடச் சுமார் 40 சதவீதம் குறைகிறது. எந்தப் பத்தியமும் எந்தக் கசாயமும் இதன் பக்கத்தில்கூட வந்ததில்லை.

இனி சீனி. 1920-களில் ஓட்டோ வார்பர்க் என்ற ஜெர்மன் அறிஞர், புற்றுச் செல்கள் குளுக்கோஸை அளவுக்கு மீறி எரிப்பதைக் கண்டார். அது உண்மை. பெட் ஸ்கேன் அதை வைத்துத்தான் கட்டியைக் காட்டுகிறது. ஆனால் அதில் இருந்து "சீனியை விட்டால் புற்று சாகும்" என்ற முடிவுக்குப் போக முடியாது. நீங்கள் ஒரு பருக்கை மாவுச்சத்துகூடத் தின்னாவிட்டாலும் ஈரல் தானே குளுக்கோஸைச் செய்து ரத்தத்தில் விடும், மூளைக்கு அது வேண்டும். பட்டினி கிடந்தால் உங்கள் தசையும் கரையும். சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் மயங்கி விழவும் செய்வீர்கள்.

அதற்காகச் சீனி தாராளமாகத் தின்னலாம் என்றும் சொல்லவில்லை. வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. அதை ஈடுகட்ட உடம்பு இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கிறது. ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜனைக் கட்டிப் பிடித்து வைக்கும் ஒரு புரதத்தை ஈரல் தயாரிக்கிறது. இன்சுலின் ஏறினால் அந்தப் புரதம் குறைந்து, கட்டில்லாத ஈஸ்ட்ரோஜன் கூடுகிறது. இன்சுலினே செல்களை வளரச் சொல்லும் சமிக்ஞையும்கூட. ஆக உங்கள் 9 கிலோ, உங்கள் சர்க்கரை, உங்கள் ஹார்மோன் மூன்றும் ஒரே சங்கிலி. உடம்பில் மிதமிஞ்சிய கொழுப்பு சேராமல் பார்த்துக்கொண்டால் 13 வகைப் புற்றுநோய்களின் ஆபத்து குறைகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-ல் அறிவித்தது. மாதவிடாய் நின்ற பிறகு வரும் மார்பகப் புற்று, கருப்பை உட்படலப் புற்று, பெருங்குடல் புற்று எல்லாம் அதில் அடக்கம்.

மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை பற்றியும் ஒரு வார்த்தை. சர்க்கரைக்காக எடுத்தால் எடுங்கள், நல்ல மருந்து. புற்றைத் தடுக்கும் என்று சர்க்கரை இல்லாதவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில், மார்பகப் புற்று திரும்புவதை அது குறைக்கவில்லை என்று 2022-ல் முடிவு வந்தது.

எடை எப்படிக் கூடியது என்று நான் ஓரளவு ஊகிக்கிறேன். கீமோ நடக்கும்போது வாய் கசந்து எதுவும் இறங்காது. அப்போது வீட்டார் முட்டை, சத்துமாவு, பால் என்று ஊட்டித் தேற்றுவது சரிதான். சிகிச்சை முடிந்த பிறகும் அந்தக் கவனிப்பு நிற்பதில்லை. பார்க்க வருகிற ஒவ்வொருவர் கையிலும் கால் கிலோ அல்வா. "நல்லா தேறிட்டா" என்று சந்தோசப்படுகிறார்கள். அவர்கள் அன்பை மறுக்க வேண்டாம், அல்வாவைப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. ஜாக்கெட் தைக்கும் டேப்பால் மாதம் ஒரு முறை அளந்து எழுதி வையுங்கள். சோற்றைப் பாதியாக்கி, வெஞ்சனத்தை இரண்டு மடங்காக்குங்கள். அவியலோ, கீரையோ, சாளை மீன் குழம்போ, எதுவும் ஆகும். கருப்பட்டி சீனியைவிட நல்லது என்று காப்பியில் தாராளமாகப் போடுகிறார்கள், அதிலும் பெரும்பகுதி அதே சீனிச்சத்துதான். உளுந்து ஒரு பயறு. உங்கள் மாத்திரையை முறியடிக்கும் ஹார்மோன் அதில் இல்லை. களியில் ஊற்றும் நல்லெண்ணெயும் கருப்பட்டியும்தான் உங்களுக்கு அளவோடு வேண்டும். எப்போதாவது ஒரு சின்ன உருண்டை சாப்பிடலாம் என்று மகளிடம் சொல்லுங்கள்.

இப்போது விரல் வலிக்கு வருகிறேன். இந்த மாத்திரை சாப்பிடும் பெண்கள் பாதியில் நிறுத்துவதற்கு முதல் காரணம் மூட்டு வலிதான். உங்களுக்கோ விரல்தான் பிழைப்பு, அதனால் இதை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இந்த வலியோடு இருந்த பெண்களை வாரம் 150 நிமிட நடையும் இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சியும் செய்யவைத்துப் பார்த்தார்கள். 2015-ல் வெளிவந்த அந்த அமெரிக்க ஆய்வில் வலி நன்றாகக் குறைந்தது. நடந்தால் மூட்டு தேயும் என்ற பயம் இதற்குப் பொருந்தாது. சுளகை மடியில் வைத்துக் காலை மடக்கி மணிக்கணக்கில் உட்கார்வதுதான் விறைப்பைக் கூட்டுகிறது. ஒரு கட்டு முடிந்ததும் எழுந்து முற்றத்தைச் சுற்றி வாருங்கள். காலையில் இளஞ்சூடான தண்ணீரில் கையை வைத்து விரலை மடக்கி நீட்டுங்கள். தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டிலை இரண்டு கையிலும் தூக்கி இறக்குங்கள், இடது கை பையப் பையப் பழகட்டும். வெயில் ஏறுமுன் அரை மணி நேரம், பேச முடியும் ஆனால் பாட முடியாத வேகத்தில் நடங்கள்.

நடையின் பலன் வலியோடு முடிவதில்லை. கீமோ முடித்த பெருங்குடல் புற்று நோயாளிகள் 889 பேரில் பாதிப் பேருக்கு மூன்று வருடம் முறையான உடற்பயிற்சி கொடுத்தார்கள். 2025-ல் வந்த முடிவின்படி, 8 வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் பயிற்சிக் குழுவில் 90 சதவீதம், மற்றக் குழுவில் 83 சதவீதம். அது குடல் புற்று, உங்களுடையது மார்பகம். மார்பகப் புற்றில் அவ்வளவு உறுதியான சோதனை இல்லாவிட்டாலும், வாரம் 3 முதல் 5 மணி நேரம் நடந்த பெண்கள் கூடுதல் காலம் வாழ்ந்ததை 2005-லேயே கவனித்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் யாரும் மருந்துக்குப் பதிலாக நடக்கவில்லை, மருந்தோடு நடந்தார்கள்.

சாப்பாட்டால் வந்ததா என்று கேட்டீர்கள். இல்லை அம்மா. எடை, வயது, எத்தனை வயதில் சடங்கானது, எப்போது தீட்டு நின்றது என்று பல காரணங்கள் சேர்ந்து ஆபத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். ஒல்லியாக, காட்டு வேலை செய்த பெண்களுக்கும் இது வருகிறது. ஆயிரம் பேருக்குப் போடும் கணக்கை வைத்து ஒருத்தியைக் குற்றவாளி ஆக்க முடியாது. வீட்டில் யாரும் அப்படிப் பேசினால் இந்தப் பதிலை வாசித்துக் காட்டுங்கள்.

மகளைப் பற்றி: மார்பகப் புற்றில் பரம்பரையாக வருவது நூற்றில் 5 முதல் 10 வரைதான். ஆனால் உங்கள் அம்மா, சித்தி, அக்கா யாருக்கும் மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்று இருந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லி மரபணுச் சோதனை தேவையா என்று கேளுங்கள். பிள்ளைக்குப் பால் கொடுத்தால் அவளுக்கும் நல்லது. 30 நாடுகளின் தகவல்களைச் சேர்த்து 2002-ல் வந்த ஆய்வில், பால் கொடுத்த ஒவ்வொரு 12 மாதத்துக்கும் ஆபத்து 4.3 சதவீதம் குறைந்தது. பீடித் தூளை அவள் பிள்ளை தவழும் அறையில் வைக்காதீர்கள். ஜன்னலைத் திறந்து வைத்துச் சுற்றுங்கள். வீட்டில் யாராவது பீடி பிடித்தால், புகையிலை போட்டால், நிறுத்தச் சொல்லுங்கள்.

அடுத்த தேதி வரும்வரை காத்திருக்காமல், உங்களுக்குச் சிகிச்சை தந்த புற்றுநோய்ப் பிரிவுக்கு இந்த வாரமே போங்கள். "விரல் வலியால் மாத்திரையை நிறுத்தும் எண்ணம் வந்துவிட்டது" என்று மறைக்காமல் சொல்லுங்கள். வைட்டமின் டி, தைராய்டு பார்ப்பார்கள். கை நரம்பு மணிக்கட்டில் நெருக்கப்படுகிறதா என்றும் கேளுங்கள், இந்த மாத்திரையாலும் உங்கள் தொழிலாலும் அது வரலாம். லெட்ரோசோல் எலும்பையும் மெலிய வைக்கும், எலும்பு அடர்த்திச் சோதனை செய்தார்களா என்று விசாரியுங்கள். தேவைப்பட்டால் அவர்களே சில வாரம் இடைவெளி விட்டு இதே வகை மாத்திரைகளான அனஸ்ட்ரோசோல் அல்லது எக்ஸிமெஸ்டேனுக்கு மாற்றுவார்கள், ஒன்று ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இன்னொன்று ஒத்துக்கொள்வது உண்டு. அதுவும் முடியாவிட்டால் டாமோக்சிஃபென் என்ற வேறு வகை ஹார்மோன் மாத்திரை இருக்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியரிடம் பெயர் கொடுங்கள், வீட்டுக்கே வரும்.