அமெரிக்காவின் 211 போல, நீலகிரியில் தொண்டு அமைப்புகள் சேர்ந்து ஒரே உதவி எண் நடத்த முடியுமா?

முடியும். கூடலூர், பந்தலூர் பக்கம் நாலு அமைப்புகள் சேர்ந்து நடத்திய எண்ணில் இரண்டு வருஷம் போன் எடுத்தவன் நான்.

211 என்பது 1997இல் அட்லாண்டாவில் தொடங்கியது. வாடகையோ சாப்பாடோ சிகிச்சையோ, எதற்கு யாரிடம் போகலாம் என்று வழிகாட்டுவார்கள். நம்மிடமும் எண்களுக்குப் பஞ்சமில்லை: குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, முதியோருக்கு 14567, மனநலத்துக்கு 14416, இலவச சட்ட உதவிக்கு 15100. ஆனால் கஷ்டம் துறை பார்த்தா வருகிறது?

ஒரு சாயங்காலம் எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து ஒரு பாட்டி பேசினார். "மூணு மாசமா பென்சன் இல்ல தம்பி. மெஷின்ல ரேகை விழலைங்கிறாங்க." முப்பது வருஷம் கொழுந்து பறித்த கை, ரேகை தேய்ந்துபோயிருக்கும். முதியோர் வேலை பார்க்கும் அமைப்பின் எண்ணைக் கொடுத்தேன். அவர்கள் தாலுகா ஆபீசுக்குப் போகச் சொன்னார்கள், அங்கே இ-சேவைக்கு. மூன்று வாரம் கழித்து அதே பாட்டி: "நீங்க சொன்ன எடமெல்லாம் போயிட்டேன். பஸ் காசும் ரெண்டு நாள் வேலையும்தான் போச்சு." அன்று ராத்திரி நோட்டைப் புரட்டினால், எங்கள் பக்கத்திலும் அவர்கள் பக்கத்திலும் 'உதவி செய்யப்பட்டது' என்றே இருக்கிறது!

கடைசியில் ஒரு தோழி பாஸ்புக்கோடு அவரை பேங்க் கிளைக்கே கூட்டிப் போனார். பணம் கணக்கில்தான் கிடந்தது. மாசம் 1,200 வீதம் 3,600 ரூபாய். சீட்டில் கைநாட்டு வைத்து, சாட்சிக் கையெழுத்துப் போட்டு எடுத்தாயிற்று.

அதற்குப் பிறகுதான் நோட்டில் 'பொறுப்பு' என்று ஒரு கட்டம் போட்டோம். அதில் ஒரே ஒரு பெயர். கூப்பிட்டவர் வாயால் "கிடைச்சிருச்சு" என்று சொல்லும்வரை அந்தப் பெயர் மாறாது. இதற்கு நடந்த சண்டை கொஞ்சநஞ்சமல்ல. நிதி தருபவருக்கு எல்லோரும் கணக்குக் காட்டணுமே. இரண்டு அமைப்பும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள், பொறுப்பு மட்டும் ஒருவருக்கு என்று முடித்தோம். நீங்கள் தொடங்கினால் போன் வாங்குவதற்கு முன் இதைப் பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம்: பத்து முதல் ஐந்து வைத்து ஏமாந்தோம். இலை எடை போட்டு வீடு திரும்பிய பிறகுதான் கூப்பிடுவார்கள். அதனால் எட்டு மணி வரை. தமிழும் மலையாளமும் போதாது, பணியர் பழங்குடியினரின் மொழி பேசும் பெண் ஒருவராவது வேண்டும். பட்டியலில் உள்ள எண்களை மாசம் ஒருமுறை நாமே கூப்பிட்டுப் பார்க்கணும், ஆள் மாற்றலாகிப் போயிருப்பார்.

இன்னொன்று. பாதிப் பேர் பேசுவது வீட்டுக்காரர் போனில். அடி வாங்கிய ஒரு பெண்ணுக்கு நாங்கள் நல்லெண்ணத்தில் திருப்பி போன் போட்டபோது எடுத்தது அவர் புருஷன். "ராங் நம்பர்" என்று வைத்தேன். அதிலிருந்து முதல் கேள்வியே "இந்த நம்பருக்குத் திருப்பிக் கூப்பிடலாமாக்கா?" என்பதுதான்.