என்.ஆர்.வி. பொருத்தினால் லெஜியோனெல்லா வராதா?

கேள்வி: சென்னையில் 48 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பில் சங்கச் செயலாளராக இருக்கிறேன். மெட்ரோ தண்ணீரும் லாரித் தண்ணீரும் ஒரே சம்ப்பில் விழுந்து மாடித் தொட்டிக்கு ஏறுகின்றன. வீடுகளுக்கான குழாய், தீயணைப்புக் குழாய், தோட்டக் குழாய், சோலார் ஹீட்டர் எல்லாவற்றுக்கும் அந்தத் தொட்டிதான் ஆதாரம். இங்குள்ள பெரியவர் ஒருவருக்கு நிமோனியா வந்தபோது, லெஜியோனெல்லாவாக இருக்கலாமோ என்று மருத்துவர் சந்தேகப்பட்டார். எல்லா லைனிலும் என்.ஆர்.வி. போட்டுவிட்டால் அந்தக் கிருமி வராது என்கிறார் எங்கள் பிளம்பர். என்.ஆர்.வி. போட்டால்தான் தண்ணீர் தேங்கிக் கிருமி பெருகும் என்கிறார் குடியிருப்பில் உள்ள பொறியாளர் ஒருவர். நாங்கள் என்ன செய்வது?

பதில்: என்.ஆர்.வி. (நான்-ரிட்டர்ன் வால்வு) என்பது தண்ணீர் ஒரு திசையில் மட்டும் ஓடும்படி பார்த்துக்கொள்ளும் கருவி. கிருமியைக் கொல்வதும் வடிகட்டுவதும் அதன் வேலையன்று. லெஜியோனெல்லா ஆறுகளிலும் ஏரிகளிலும் இயற்கையாகவே இருக்கும் பாக்டீரியா என்பதால், சுத்திகரித்து அனுப்பப்படும் குடிநீரோடும் மிகச் சிறிய அளவில் கட்டடத்துக்குள் வந்துவிடக்கூடும். அந்த அளவில் அது பெரும்பாலும் யாரையும் நோயில் தள்ளுவதில்லை. வந்த கிருமி எந்த இடத்தில் தங்கிப் பெருகுகிறது, பெருகிய பிறகு எந்த வழியாக ஷவரின் நுண்துளிகளில் ஏறி மூச்சில் நுழைகிறது என்பதே பார்க்கவேண்டியது. 1976இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு விடுதியில் கூடிய முன்னாள் படைவீரர்களிடையே இந்தக் கிருமியால் வரும் நிமோனியா பரவியபோதுதான் உலகம் முதன்முதலாக இதை அடையாளம் கண்டது. அந்தப் படைவீரர் சங்கத்தின் பெயரே கிருமிக்கும் பெயராயிற்று.

பின்னோட்டத் தடுப்பு, அதாவது தண்ணீர் வந்த வழியே திரும்பாமல் தடுப்பது, இதில் எங்கே உதவுகிறது என்றால், ஏற்கெனவே கிருமி பெருகிவிட்ட தண்ணீர் நல்ல தண்ணீரோடு கலந்துவிடாமல் காப்பதில் உதவுகிறது. மாடித் தொட்டி காலியாகும் நேரத்தையோ, தொட்டி கழுவுவதற்காக கேட் வால்வை மூடும் நேரத்தையோ எண்ணிப்பாருங்கள். கீழ்த்தளத்தில் ஒருவர் குழாயைத் திறந்தால், செங்குத்துக் குழாயில் உள்ள தண்ணீர் இறங்கும்போது மேலே வெற்றிடம் உண்டாகி, மேல்தளங்களின் கிளைக்குழாய்களில் உள்ளதை உறிஞ்சும். வாளிக்குள் முனை மூழ்கிக் கிடக்கும் ஹெல்த் ஃபாசெட், சேற்றில் கிடக்கும் தோட்டத்து ஹோஸ், ஆறு மாதம் பூட்டிக் கிடக்கும் வீட்டின் குழாய் ஆகிய எல்லாவற்றின் தண்ணீரும் அப்போது பொதுக் குழாய்க்கு வந்துவிட முடியும். 1933இல் சிகாகோ நகரில் உலகக் கண்காட்சி நடந்தபோது, இரண்டு விடுதிகளில் கழிவுநீர் இப்படிக் குடிநீரோடு கலந்ததால் அமீபா வயிற்றுக்கடுப்பு பரவி ஏறத்தாழ நூறு பேர் இறந்தார்கள். அங்கே பரவியது வேறு கிருமி என்றாலும் குழாயில் நிகழ்ந்த தவறு இதே வகையைச் சேர்ந்ததுதான்.

உங்கள் பொறியாளரின் அச்சத்திலும் நியாயம் இருக்கிறது. தீயணைப்புக் குழாயின் தண்ணீர் வருடக்கணக்கில் அசையாமல் நிற்பது. அந்தக் குழாய் பிரியும் டீ இணைப்பிலிருந்து பல அடி தள்ளி, கைக்கு எட்டும் இடம் என்பதற்காக என்.ஆர்.வி.யைப் பொருத்தினால், டீக்கும் வால்வுக்கும் இடைப்பட்ட அந்த நீளம் முழுவதும் தேங்கிய குட்டையாகிவிடும். அங்கே குளோரின் தீர்ந்துபோகும், குழாயின் உட்சுவரில் வழுவழுப்பான படலம் படியும், அந்தப் படலத்துக்குள்ளும் அதில் வாழும் அமீபாக்களுக்குள்ளும் ஒளிந்துகொள்ளும் லெஜியோனெல்லாவைப் பிறகு குளோரின் எளிதில் தொட முடியாது. வால்வின் நல்ல தண்ணீர்ப் பக்கத்திலேயே இது நடப்பதால், அந்த வால்வு எதையும் தடுக்கப்போவதில்லை. ஆகவே என்.ஆர்.வி. கிளை பிரியும் இடத்தை ஒட்டியே இருக்கவேண்டும். யாரும் பயன்படுத்தாத பழைய கிளை என்றால், அதற்கு வால்வு தேடுவதைவிட டீ வரைக்கும் வெட்டி எடுத்து மூடிவிடுவதே மேல்.

இன்னும் உறுதியான வழி காற்று இடைவெளி. தீயணைப்புக்கெனத் தனித் தொட்டி கட்டி, அதை நிரப்பும் குழாயின் வாய் தொட்டியின் விளிம்புக்கு மேலே, குழாயின் விட்டத்தைப்போல் இரு மடங்கு உயரத்திலாவது, எப்படியும் 25 மில்லிமீட்டருக்குக் குறையாமல் நிற்குமாறு வைத்தால், எந்த அழுத்தத்திலும் அந்தத் தண்ணீர் திரும்பி ஏற முடியாது. அடைத்துக்கொள்ளவோ தேய்ந்துபோகவோ இதில் எந்தப் பாகமும் இல்லை. அலுவலகக் கட்டடங்களின் கூலிங் டவர்களுக்கும் இதையே வற்புறுத்துவேன்; லெஜியோனெல்லா பெரும் அளவில் பரவிய பல நிகழ்வுகள் அங்கிருந்துதான் தொடங்கியிருக்கின்றன. மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு குழாயிலும், கேட் வால்வுக்கு அடுத்தபடியாக, தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேல் நீளும் ஏர் வென்ட் பைப் இருக்கிறதா என்றும் பாருங்கள். செலவு மிகக் குறைவு. மேலே சொன்ன உறிஞ்சலை அது தொடக்கத்திலேயே முறித்துவிடும்.

வெந்நீர் லைனில் கூடுதல் கவனம் வேண்டும். மிக்ஸர் குழாய்களுக்குள் இருக்கும் சிறிய என்.ஆர்.வி. தண்ணீரின் உப்புப் படிந்து இறுகிவிட்டால், வெந்நீரும் குளிர்நீரும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வெதுவெதுப்பாகிவிடும். லெஜியோனெல்லா 25 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரை நன்றாக வளர்வதால், அதற்கு இதைவிடத் தோதான சூழல் இல்லை. இதை வீட்டிலேயே சோதிக்கலாம். கீசரின் மின்சாரத்தை அணைத்து, கீசருக்குள் குளிர்நீர் செல்லும் வால்வை மூடிவிட்டு, வெந்நீர்க் குழாயைத் திறவுங்கள். சற்று நேரத்தில் தண்ணீர் நின்றுவிடவேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால், எங்கோ ஒரு மிக்ஸரில் குளிர்நீர் வெந்நீர்ப் பக்கம் கடக்கிறது என்று பொருள். பிறகு வால்வைத் திறந்து, கீசர் நிரம்பியதை உறுதிசெய்த பின்னரே மின்சாரத்தைப் போடவேண்டும்.

கீசரோடு வரும் பாதுகாப்பு வால்வுக்குள்ளும் ஓர் என்.ஆர்.வி. உண்டு. 28 டிகிரியில் உள்ள 100 லிட்டர் தண்ணீர் 60 டிகிரிக்குச் சூடாகும்போது ஏறத்தாழ 1.3 லிட்டர் கூடுகிறது. வந்த வழியே திரும்ப முடியாததால், அது அந்த வால்வின் வழியே சொட்டும். அந்தச் சொட்டலை நிறுத்துவதற்காகச் சிலர் துளையை அடைத்துவிடுகிறார்கள். கீசர் வெடிக்கவே வழி செய்யும் காரியம் அது. தயவுசெய்து யாரும் அதைச் செய்ய விடாதீர்கள்.

குளிர்நாடுகளில் குளிர்நீரை 20 டிகிரிக்குக் கீழே வைத்திருக்கச் சொல்வார்கள். சென்னையில் மாடித் தொட்டியின் தண்ணீர் ஆண்டின் பெரும்பகுதி 30 டிகிரியை ஒட்டியே இருப்பதால், நமக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இங்கே நம் கையில் இருப்பவை குளோரினும் ஓட்டமும்தான். இந்தியத் தர அமைவனத்தின் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500, எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கவேண்டும் என்கிறது. லாரித் தண்ணீர் இறங்கும் நாள்களில் சம்ப்பிலும், கடைசித் தளத்தின் கடைசிக் குழாயிலும் அதைச் சோதித்துப் பாருங்கள். மழைக்காலத்தில் சோலார் ஹீட்டர் 40 டிகிரியிலேயே நின்றுவிடும் நாள்களில், அதிலுள்ள துணை மின்சூடேற்றியைப் போட்டுத் தண்ணீரை 60 டிகிரிக்கு ஏற்றுங்கள்; குழந்தைகளும் முதியவர்களும் குளிக்கும்போது குளிர்நீர் கலந்த பிறகே பயன்படுத்தவேண்டும்.

பிளம்பரிடம் முதலில் தோட்டக் குழாய், தீயணைப்புக் குழாய், நீண்டகாலம் பூட்டிக் கிடக்கும் வீடுகள் ஆகிய மூன்றுக்கு மட்டும் வால்வு பொருத்தச் சொல்லுங்கள். வாங்கும்போது சோதனைத் துளைகள் கொண்ட இரட்டை வால்வாக வாங்கி, ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்க ஏற்பாடு செய்யுங்கள். ஒரு மணல் துணுக்கு சிக்கினாலே ஒற்றை என்.ஆர்.வி. முழுதாக மூடாது. பூட்டிய வீடுகளில் வாரம் ஒருமுறை எல்லாக் குழாய்களையும் சில நிமிடங்கள் திறந்துவிடச் சங்கம் பொறுப்பேற்கலாம். அப்படிச் செய்யாத வீட்டுக்கு யாராவது திரும்பி வந்தால், ஜன்னலைத் திறந்துவைத்து, ஷவரின் தலையைக் கழற்றி, தண்ணீர் தெறிக்காதபடி குழாயின் வாயை வாளிக்குள் தாழ்த்தி ஓடவிட்ட பிறகே குளிக்கச் சொல்லுங்கள். நிமோனியா வந்து தேறிய அந்தப் பெரியவரின் வீட்டு ஷவர் தலையையும் இந்த வாரமே கழற்றி உப்புப் படிவு நீங்கத் தேய்த்துக் கழுவுங்கள். துளைகள் அடைத்திருந்தால் புதிதாக மாற்றிவிடுங்கள்.