வீட்டிலேயே ரூம் ஸ்பிரே: கேட்டதும் சொன்னதும்

நறுமண எண்ணெய்களை வாங்கித் தரம் பார்ப்பது என் வேலை. எண்ணெய் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன். ஆஸ்துமா, அலர்ஜி என்றால் மருத்துவரிடம் போங்கள்.

கே: அக்கா, தண்ணீரில் லெமன்கிராஸ் ஆயில் 10 சொட்டு விட்டு அடித்தேன். வாசனையும் நிற்கவில்லை, டீப்பாயில் கறை வேறு. ஆயில் போலியா?

ப: ஆயில் மேல் பழி போடாதீர்கள். எண்ணெய் தண்ணீரில் கரையாது, மிதக்கும். ஸ்பிரே குழாய் பாட்டிலின் அடியிலிருந்துதானே உறிஞ்சுகிறது, அதனால் முதலில் வெறும் தண்ணீரை அடிப்பீர்கள், கடைசியில் நீர்க்காத எண்ணெய் மொத்தமாக வந்து மரப் பாலிஷ் மேல் விழும். 100 மி.லி. செய்ய 70 மி.லி. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் எடுத்து, அதில் 1 மி.லி. எண்ணெய் (சுமார் 20 சொட்டு) விட்டுக் குலுக்குங்கள். நன்றாகக் கலந்த பிறகு 30 மி.லி. டிஸ்டில்டு வாட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். பால் போலக் கலங்கினால் ஆல்கஹால் போதவில்லை, இன்னும் கொஞ்சம் சேர்க்கலாம். பாட்டில் கண்ணாடியாக இருக்கட்டும். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் எண்ணெய்கள் சிலவகை பிளாஸ்டிக்கைக் கரைத்தே விடும். இந்த ஸ்பிரே தீப்பிடிக்கும் திரவம். எரியும் அடுப்பு, விளக்கு, ஊதுவத்தி பக்கத்தில் அடிக்காதீர்கள்.

கே: மீன் வறுத்த வாடைக்கு எந்த எண்ணெய் நல்லது?

ப: எதுவும் இல்லை. மேலே அடித்தால் லாவெண்டர் போட்ட மீன் வாடைதான் கிடைக்கும். மீன் வாடைக்கு முக்கியக் காரணம் அமீன்கள், அவை காரத்தன்மை கொண்டவை. அதனால் மேடையையும் அடுப்பையும் வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடையுங்கள், ஜன்னலைத் திறங்கள். அப்புறம் வேண்டுமானால் ஸ்பிரே.

கே: 10 மி.லி. மல்லிகை எசென்ஷியல் ஆயில் 120 ரூபாய்க்கு வாங்கினேன். அசலா?

ப: இல்லை. மற்ற எண்ணெய்களைப் போல நீராவியில் வடிக்கலாம் என்றால், மல்லிகை அந்தச் சூட்டைத் தாங்காது. ஹெக்சேன் போன்ற கரைப்பானில் ஊறவைத்துத்தான் மணத்தை எடுக்கிறார்கள். ஒரு கிலோ எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ பூ வேண்டும். மல்லிகைப்பூ விற்கும் விலையில் நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கே: தண்ணீரில் யூகலிப்டஸ் தைலம் கலந்து அடிக்கலாமா?

ப: முதல் பதில்.

கே: வீட்டில் பூனை இருக்கிறது. எண்ணெயைக் காற்றில் பரப்பும் டிஃப்யூசர் வைக்கலாமா?

ப: வேண்டாம். இந்த எண்ணெய்களில் உள்ள பல பொருள்களை நம் கல்லீரல் முறித்து வெளியேற்றும் ஒரு வழி பூனைக்குச் சரியாக வேலை செய்யாது. காற்றில் பறக்கும் துளி ரோமத்தில் படியும், அது நக்கும். டீ ட்ரீ ஆயில் பாட்டிலைப் பூனை இருக்கும் வீட்டில் வைக்கவே வைக்காதீர்கள்.

கே: இதெல்லாம் எதற்கு? பாட்டி காலத்துச் சாம்பிராணி இருக்கிறதே. அதைவிட இயற்கை எது?

ப: சாம்பிராணி எனக்கும் பிடிக்கும். சுமத்ரா, லாவோஸ் பக்கத்து மரங்களின் பிசின் அது. ஆனால் கரித்தணலில் போடும்போது நுண்துகள்களும் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து வருகின்றன. குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டு, கதவை அடைத்த அறையில் புகை போடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

கே: நாங்களெல்லாம் அந்தப் புகையில்தான் வளர்ந்தோம். ஒன்றும் ஆகவில்லையே?

ப: உங்களுக்கு ஆகவில்லை, சந்தோஷம். அந்த வீடுகளில் முற்றமும் ஓட்டு இடுக்கும் இருந்தன, புகை போக வழி இருந்தது. இப்போது ஏசி போட்ட பத்துக்குப் பத்து அறையில் கப் சாம்பிராணியைக் கொளுத்துகிறோம், அந்தக் கப்பிலும் பெரும்பகுதி கரித்தூள்தான்.

கே: அப்போ கெமிக்கல் ஸ்பிரேதான் நல்லது என்கிறீர்களா மேடம்? எண்ணெய் கம்பெனிக்கு வக்காலத்து!

ப: எங்கே சொன்னேன்? லெமன்கிராஸ் எண்ணெயில் முக்கால்வாசி சிட்ரால், அதுவும் கெமிக்கல்தான், புல்லிலிருந்து வந்தது என்பதால் வேறாகிவிடாது. ஆரஞ்சு எண்ணெயின் லிமோனின் காற்றில் உள்ள ஓசோனோடு சேர்ந்தால் ஃபார்மால்டிஹைடுகூட உண்டாகும். என் சரக்கையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்: கொஞ்சமாகப் பயன்படுத்துங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். சாம்பிராணி வழக்கை இதோடு மூடுகிறேன்.

கே: சளிக்குக் கற்பூரத்தைத் துணியில் கட்டிக் குழந்தை கழுத்தில் போடலாமா?

ப: கூடாது. வாயில் போட்டு விழுங்கினால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

கே: வெட்டிவேர் எண்ணெய் ஸ்பிரேக்கு ஆகுமா?

ப: ஆகும், ஆனால் கெட்டியானது, விலையும் அதிகம். மெதுவாக ஆவியாகும் என்பதால் லெமன்கிராஸோடு 2 சொட்டு சேர்த்தால் வாசனை கூடுதல் நேரம் நிற்கும். வேராகவே வாங்கி, கட்டாகக் கட்டி, நனைத்து ஜன்னலில் தொங்கவிட்டால் இன்னும் மலிவு. அவ்வப்போது வெயிலில் காயவையுங்கள், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும்.

கே: 10 சொட்டு, ஒரு டம்ளர் தண்ணீர், கொஞ்சம் உப்பு போட்டால் கலக்குமா அக்கா?

ப: உப்பு போட்டாலும் கலக்காது. சர்க்கரை போட்டாலும் கலக்காது.

கே: காரில் வைக்கலாமா?

ப: ஸ்பிரே பாட்டிலை வெயிலில் நிற்கும் காரில் விடாதீர்கள், ஆல்கஹால். உடைந்த மண்தொட்டித் துண்டில், பூச்சு இல்லாத பக்கத்தில், 3 சொட்டு விட்டுக் கப் ஹோல்டரில் போடுங்கள். டேஷ்போர்டில் எண்ணெய் பட்டால் கறை போகாது.

கே: செருப்பு ஸ்டாண்ட்?

ப: சின்னக் கிண்ணத்தில் சமையல் சோடா, மேலே 5 சொட்டு. அதற்கு முன் ஷூவை வெயிலில் காயவையுங்கள், சாக்ஸைத் துவையுங்கள்.