மரபணுக் கோளாறும் காது கேளாமையும்: கேள்வி பதில்

செவித்திறன் பரிசோதனைதான் என் தொழில். பிறவிக் காது கேளாமையில் ஏறக்குறைய பாதிக்கு மரபணுவே காரணம் என்பதால், எனக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அங்கேயே போய் நிற்கின்றன.

என் மகளுக்கு 4 வயது, டவுன் சிண்ட்ரோம் (ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கும் பிறவிக் கோளாறு). கூப்பிட்டால் சில நாள் திரும்புகிறாள், சில நாள் திரும்புவதில்லை. ‘இந்தக் குழந்தைகள் அப்படித்தான், எதையும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்’ என்கிறார் மாமியார்.

காதுக்குள் போகும் வழியே அடைபட்டிருந்தால் எப்படிப் போட்டுக்கொள்வாள்? டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்குக் காதுத் துளை மிகக் குறுகலாக இருக்கும். கொஞ்சம் குறும்பி சேர்ந்தாலே அடைத்துவிடும். மூக்கின் பின்புறத்தையும் நடுச்செவியையும் இணைக்கும் யூஸ்டேசியன் குழாயும் சரியாகத் திறக்காது. அதனால் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கி, பசைபோல் கெட்டியாகிறது. வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, சீழும் வராது. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. நீர் கூடும்போது கேட்பது குறையும், வடியும்போது கூடும். ‘சில நாள் திரும்புகிறாள்’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, அது பிடிவாதம் அல்ல, இந்த ஏற்ற இறக்கமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் நுண்ணோக்கி வைத்துக் காதைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். வீட்டில் பஞ்சுக் குச்சி வேண்டாம், குறும்பியை இன்னும் உள்ளேதான் தள்ளும். பிறகு செவிப்பறையின் அசைவை அளக்கும் டிம்பனோமெட்ரியும் கேட்கும் திறன் பரிசோதனையும். ஒவ்வொரு காதும் தனித்தனியாக நன்றாகக் கேட்கிறது என்று உறுதியாகும் வரை 6 மாதத்துக்கு ஒருமுறை, அதன் பிறகு ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும். நீர் மாதக்கணக்கில் வற்றாவிட்டால் செவிப்பறையில் கிராமெட் என்னும் சிறு குழாய் வைப்பார்கள். குறுகிய துளையில் அது முடியாதபோது, தலைப்பட்டையில் பொருத்தி எலும்பு வழியாக ஒலியைக் கடத்தும் கருவி இருக்கிறது. பேச்சு தாமதமாவதற்கு அறிவு வளர்ச்சிதான் காரணம் என்று முடிவு கட்டும் முன், காதைப் பார்த்துவிடுங்கள்.

எனக்கும் மனைவிக்கும் நன்றாகக் கேட்கும். இரு குடும்பத்திலும் யாருக்கும் குறை இல்லை. மகன் மட்டும் பிறவியிலேயே கேளாதவன். எங்கிருந்து வந்தது? குறை மனைவியின் பக்கம்தான் என்று வீட்டில் பேசுகிறார்கள்.

அந்தப் பேச்சை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். மரபுவழிக் காது கேளாமையில் பெரும்பகுதி, பெற்றோர் இருவரும் பழுதான மரபணுவில் ஒவ்வொரு பிரதியைச் சுமந்து, இரண்டும் குழந்தையிடம் சேரும்போது வருவது. ஒரே பிரதி உள்ளவருக்கு எந்தக் குறையும் தெரியாது. தலைமுறை தலைமுறையாக ஒளிந்து வரும். இந்த வகையில் அடிக்கடி காணப்படுவது, காது கேளாமையோடு தொடர்புடையது என 1997இல் கண்டறியப்பட்ட ஜிஜேபி2 என்ற மரபணு. ஒவ்வொரு பிரசவத்திலும் வாய்ப்பு 4க்கு 1. ‘ஒரு குழந்தைக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றும் தப்பிக்கும்’ என்று கணக்குப் போடாதீர்கள். ஒவ்வொரு முறையும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுகிறது.

ஆனால், மகனுக்கு இதுதான் காரணம் என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. கருவிலேயே தொற்றும் சைட்டோமெகலோ வைரஸும் இப்படிச் செய்யும். மரபணுப் பரிசோதனை செய்யுங்கள். ஜிஜேபி2 என்று வந்தால், பொதுவாகச் செவி நரம்பு நன்றாக இருக்கும். உட்செவிக்குள் வைத்து அந்த நரம்பை நேரடியாகத் தூண்டும் காக்ளியர் இம்ப்ளான்ட் கருவி நல்ல பலன் தரும்.

என் தங்கை மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஓடும்போது இரண்டு முறை மயங்கி விழுந்தாள். வலிப்பு என்று மாத்திரை கொடுக்கிறார்கள்.

இதயத் துடிப்புப் பதிவான ஈசிஜி எடுத்தார்களா? எடுக்கவில்லை என்றால் தாமதிக்க வேண்டாம், இதய மருத்துவரிடம் இன்றே போங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். ஜெர்வெல் லாங்கே-நீல்சன் என்ற அரிய நோய் உண்டு. பொட்டாசியத்தைக் கடத்தும் ஒரே வாயில் உட்செவிக்கும் வேண்டும், இதயத்துக்கும் வேண்டும். அது பழுதானால் காதும் கேட்காது, ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் மின்தூண்டல் பெற்று மீள எடுக்கும் நேரமான கியூடி இடைவெளியும் ஈசிஜியில் நீளும். ஓட்டம், பயம், திடீர் அதிர்ச்சி போதும், துடிப்பு தாறுமாறாகும், உயிருக்கே ஆபத்து. பிறவியிலேயே முழுவதும் கேளாத எல்லாக் குழந்தைக்கும் ஒருமுறை ஈசிஜி பார்த்துவிட வேண்டும் என்பது என் கருத்து.

எனக்கு டர்னர் சிண்ட்ரோம் (பெண்களுக்கு ஓர் எக்ஸ் குரோமோசோம் இல்லாமலோ குறைபட்டோ இருப்பது), வயது 28. பள்ளியில் எடுத்த பரிசோதனை நன்றாகவே இருந்தது. இப்போது கூட்டத்தில் பேச்சு புரியவில்லை.

பள்ளிப் பரிசோதனை பள்ளி நாளோடு முடிந்தது. டர்னரில் சிறுவயதில் நடுச்செவித் தொல்லை, வளர்ந்த பிறகு உட்செவியில் மெல்லத் தேய்வு என்று இரண்டு கட்டம் உண்டு. மீண்டும் பரிசோதியுங்கள். காதிலிருந்து நாற்றத்துடன் நீர் வடிந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

காசநோய்க்கு ஊசி போட்டபின் என் அம்மாவுக்கும் தாய்மாமனுக்கும் காது போயிற்று. எனக்கும் ஆபத்தா?

இருக்கலாம். ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற மருந்துகள் யாருடைய காதையும் கெடுக்கக்கூடியவை. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏவில் 1555ஆம் இடத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பவர்களுக்குக் காது கெட வழக்கமான அளவே போதும். இது தாய்வழியாக மட்டுமே இறங்கும். ஆகவே உங்களுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் இருக்கக்கூடும். மாமனின் பிள்ளைகளுக்கு அவர் வழியாக வராது. பரிசோதனை செய்து, முடிவை மருத்துவச் சீட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

மரபணு சிகிச்சையில் காது கேட்க வைத்துவிட்டார்களாமே? காது கேளாத என் மகனுக்கு இம்ப்ளான்ட்டைத் தள்ளிப்போடலாமா?

செய்தி உண்மை. சீனாவில் சிகிச்சை பெற்ற 6 குழந்தைகளில் 5 பேருக்குக் கேட்கும் திறன் மேம்பட்டதாக 2024இல் வெளியிட்டார்கள். ஆனால் அது ஓட்டோஃபெர்லின் என்ற ஒரே புரதத்தின் மரபணுக் கோளாறுக்கு மட்டும். உங்கள் மகனின் அறிக்கையில் என்ன மரபணு என்று நீங்கள் எழுதவில்லை. அந்த மரபணு இல்லையென்றால் காத்திருப்பதில் பயனில்லை. மொழி பதிய வேண்டிய வயதுதான் கழியும்.