இரவிலும் கூம்பு அவசியம்

கேள்வி: எங்கள் பூனை மல்லிக்கு நேற்று முன்தினம் கருத்தடை அறுவை சிகிச்சை நடந்தது. கழுத்தில் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் கூம்போடு பின்பக்கமாகவே நடக்கிறாள், சுவரில் முட்டிக்கொள்கிறாள். பாவமாக இருக்கிறது அக்கா. இரவில் மட்டும் கழற்றிவிடலாமா? தையல்மேல் மஞ்சள் பூசச் சொல்கிறார் என் மாமியார். வலிக்குக் கால் மாத்திரை பனடால் கொடுக்கலாமா?
- வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தைப் பார்த்த கையோடு போனில் சொன்னதைத்தான் மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன். பனடால் கூடவே கூடாது. கால் மாத்திரை என்ன, ஒரு துணுக்குகூட வேண்டாம். பனடாலில் இருக்கும் பாரசிட்டமாலை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு இல்லை. ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும், மூச்சு வாங்கும், உயிரே போய்விடும். யாராவது தெரியாமல் கொடுத்திருந்தால், இப்போதே மருத்துவரிடம் கிளம்புங்கள். வலி தெரிகிறது என்றால் சிகிச்சை செய்த மருத்துவரிடமே கேட்டு மருந்து வாங்குங்கள்.

அடுத்து கூம்பு. பகலில் நீங்கள் பார்த்துக்கொண்டாவது இருப்பீர்கள்; இரவில் யார் பார்ப்பது? என் கறுப்பிக்கு இதே சிகிச்சை நடந்த மூன்றாம் நாள், நானும் மனசு கேட்காமல் படுக்கும்போது கழற்றிவிட்டேன். விடியற்காலையில் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சத்தம். உப்புத்தாளில் மரத்தைத் தேய்ப்பதுபோல, விட்டு விட்டு. விளக்கைப் போட்டுக் குனிந்தால், வயிற்றை நக்கிக்கொண்டிருக்கிறாள். பூனை நாக்கில் சின்னச் சின்ன முள் இருக்கிறதல்லவா, இரண்டு தையல் பிரிந்து தோல் வாய் திறந்திருந்தது. மறுபடி மயக்க மருந்து, மறுபடி தையல். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதனால் சொல்கிறேன், மருத்துவர் எடுக்கச் சொல்லும்வரை, பெரும்பாலும் 10 முதல் 14 நாள், கழற்றாதீர்கள். கழுத்துக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்த கிண்ணத்தின்மேல் வையுங்கள். தட்டு கூம்பின் வாயைவிடச் சிறியதாக இருந்தால் தானே சாப்பிட்டுவிடுவாள். அப்படியும் தவித்தால், துணிக் கூம்பு சரிவருமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

மஞ்சள் வேண்டாம். காயத்தை ஈரமாகவே வைத்திருக்கும், அதைவிட முக்கியம், நாம் பார்க்க வேண்டிய சிவப்பை மறைத்துவிடும். டெட்டால், கோடாலித் தைலம் இரண்டும் பூனைக்கு நஞ்சு, கிட்டே கொண்டுபோகாதீர்கள். காயத்தைத் தொடாமல் பார்த்தால் போதும். தினமும் ஒரே நேரத்தில், ஒரே வெளிச்சத்தில் போனில் படம் எடுங்கள். முதல் சில நாள் இளஞ்சிவப்பும் லேசான வீக்கமும் இருக்கலாம். வீக்கம் நேற்றைவிடப் பெரிதானாலோ, சீழ், நாற்றம், சொட்டும் ரத்தம் இருந்தாலோ அந்தப் படங்களோடு கிளினிக்குக்குப் போங்கள். 24 மணி நேரம் ஒன்றுமே சாப்பிடாவிட்டாலும் போக வேண்டும். பூனை பட்டினி கிடந்தால் ஈரல் கெடும்.

அலமாரி, சோபா எதன்மீதும் தாவ முடியாத ஓர் அறையில் வையுங்கள். மலம் கழிக்கும் தட்டில் மணலுக்குப் பதிலாகக் கிழித்த செய்தித்தாளைப் போட்டால் தையலில் துகள் ஒட்டாது. ஜன்னல் வலையையும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

அப்புறம் ஒரு விஷயம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் பூனை வளர்க்க 2024 செப்டம்பர் 1 முதல் அனுமதி இருக்கிறது, வீட்டுக்கு இரண்டுவரை. உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம். தடை இருந்த காலத்துப் பயத்தில் கிளினிக்குக்குப் போகத் தயங்குபவர்களை இன்னும் பார்க்கிறேன், மனசு வலிக்கிறது.

மாமியாரைக் கடிந்துகொள்ளாதீர்கள், அவருக்கும் மல்லிமேல் பாசம்தான். கோழி நெஞ்சுக்கறியை வெறும் தண்ணீரில் வேகவைத்து, நாராகப் பிய்த்துத் தரச் சொல்லுங்கள். வெங்காயம், பூண்டு, உப்பு எதுவும் சேர்க்க வேண்டாம் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.