நாற்பது நாளில் பிறந்த சொல்

கேள்வி: கொரோனா காலத்தில் எங்கள் வீட்டுக் கதவில் 14 நாள் 'குவாரன்டைன்' என்று தாள் ஒட்டினார்கள். அந்தச் சொல்லுக்குப் பொருளே நாற்பது நாள்தான் என்கிறார் என் நண்பர். அப்படியானால் 14 நாளுக்கு அது எப்படிப் பொருந்தும்?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: நண்பர் சொல்வது சரியே. இத்தாலிய மொழியில் 'குவாரந்தா' என்றால் நாற்பது. பிளேக் நோய் ஐரோப்பாவைச் சூறையாடிய காலத்தில், நோய் கண்ட ஊர்களிலிருந்து வருவோர் 30 நாள் வெளியே தங்கிய பிறகே நகருக்குள் நுழையலாம் என்று 1377இல் ரகூசா நகரம் விதி வகுத்தது; குரோவேஷியாவின் இன்றைய துப்ரோவ்னிக் நகரம்தான் அது. அந்த முப்பது பின்னர் நாற்பதாக நீண்டது. வெனிஸ் மக்கள் அதைக் 'குவாரந்தேனா' என்றார்கள்.

ஆனால் துறைமுகங்களின் வழியாக இந்தப் பொருள் இங்கிலாந்துக்குப் போய்ச் சேருமுன்பே, நாற்பதைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்த இன்னொரு பொருள் அங்கே வழங்கிவந்தது. என் மனத்தை மிகவும் தொடுவது அதுதான். கணவனை இழந்த பெண் அவன் வீட்டிலேயே நாற்பது நாள் தங்கியிருக்கலாம், அதற்குள் அவளுக்குச் சேரவேண்டிய சொத்துப் பங்கை ஒதுக்கிக் கொடுத்துவிட வேண்டும் என்கிறது இங்கிலாந்து மன்னர் ஜான் ஏற்றுக்கொண்ட உரிமைச் சாசனமான, 1215ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டா. ஆங்கிலச் சட்ட வழக்கில் அந்த உரிமைக்கும் குவாரன்டைன் என்றே பெயர்.

உங்கள் கேள்விக்கு நேரான விடையை, கடற்படை நிர்வாகத்தில் பணியாற்றிய சாமுவேல் பீப்ஸ் 1663 நவம்பரில் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். கப்பல்களுக்கு 'முப்பது நாள் குவாரன்டைன்' என்று அரசு ஆணையில் ஒருவர் எழுதியதைக் குறிப்பிடும் அவர், அது சொல்லின் பொருளுக்கு மாறானது என்றாலும், பொது வழக்கில் அச்சொல் இப்போது நாள் கணக்கைக் குறிக்காமல் அந்தச் செயலையே குறிக்கிறது என்கிறார். எண் உதிர்ந்து செயல் மட்டும் நின்றுவிட்டதால், 14 நாளுக்கும் 7 நாளுக்கும் அது இடம் கொடுக்கிறது. 1962இல் கியூபாவைச் சுற்றிக் கப்பல்களைத் தடுத்தபோது, 'முற்றுகை' என்றால் போர்ச்செயலாகிவிடும் என்பதால் அமெரிக்க அதிபர் கென்னடி இச்சொல்லையே எடுத்துக்கொண்டார்.

தமிழில் 'தனிமைப்படுத்தல்' என்கிறோம். நோயுற்றவரைப் பிரித்து வைப்பதற்கும், நலமாக இருப்பவரைத் தொற்றியிருக்குமோ என்ற ஐயத்தால் காத்திருக்கச் செய்வதற்கும் மருத்துவ ஆங்கிலத்தில் தனித்தனிச் சொற்கள் உண்டு. குவாரன்டைன் பின்னதற்கு உரியது. இலங்கைத் தோட்டங்களுக்குப் புறப்பட்ட நம் தொழிலாளர்களை ராமேஸ்வரம் அருகே மண்டபம் என்ற ஊரிலிருந்த முகாமில் சில நாள் நிறுத்திவைத்ததும் இந்த வகைதான். இரண்டுக்கும் ஒரே சொல்லை நாம் வழங்குவதால், கதவில் ஒட்டிய தாளைக் கண்ட அண்டை வீட்டார் உள்ளே நோயாளி இருப்பதாகவே எண்ணி விலகிப்போனார்கள். பின்னதைத் 'தொற்றுக் காத்திருப்பு' என்று வேறுபடுத்திச் சொல்லலாம் என்பது என் கருத்து.